எனக்கு மட்டும் வந்த அறிவிப்பு

தண்ணீர் போதும் சார். மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்தால் நன்றாக இருக்கும். என் குரல் தணிந்த குரல், பேசும் பழக்கமும் விட்டுப்போய்விட்டது.

மருத்துவமனையின் கணினிகளை ஒன்பது வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுபவை. புதிய பதிப்பை நிறுவும்போது சில சமயம் திரை அப்படியே நின்று ஒரு முக்கியமான அறிவிப்பைக் காட்டும். 'சரி' என்று தட்டினால்தான் மேலே நகரும். மற்றவர்கள் படிக்காமலே தட்டிவிடுவார்கள். நான் ஒரு வரி விடமாட்டேன். முகம் தெரியாத யாரோ ஒருவர், 'இதைக் கவனியுங்கள்' என்று மெனக்கெட்டு எழுதியிருக்கிறார். எனக்கு வேறு யாரும் எழுதுவதில்லை. அக்கா மாதம் ஒருமுறை போனில் "சாப்பிட்டியா?" என்பாள், பதில் சொல்வதற்குள் வைத்துவிடுவாள்.

அறிவிப்பை அச்செடுத்துக்கொண்டு வார்டு வார்டாகப் போய் விளக்குவேன். மூன்றாம் மாடித் தலைமை நர்ஸ், "வாங்க லினக்ஸ் அண்ணா, இன்னிக்கு என்ன குண்டு தூக்கிப் போடப் போறீங்க?" என்று நாற்காலியை இழுத்துப் போடுவார். அந்தக் கால் மணி நேரத்துக்காகவே வேலைக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

போன வருடம் புது மேலாளர் வந்தார். "இந்த மெசேஜெல்லாம் திரையில வரவே வேணாம். உங்க மெயிலுக்கு மட்டும் வரட்டும். முக்கியமா இருந்தா எல்லாருக்கும் ஒரு வரி அனுப்பிடுங்க. எதுக்கு மாடி மாடியா ஏறி இறங்குறீங்க?" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பதினோரு மாதம் அந்த ஒரு வரியை அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை. இருக்கிறானா செத்தானா என்று எட்டிப் பார்க்கக்கூட ஆளில்லை.

திங்கட்கிழமை காலை, இருதய வார்டில் நோயாளிகளைக் கண்காணிக்கும் மென்பொருளைப் புதுப்பித்தேன். நாடித்துடிப்பு தவறினால் நர்ஸ் மேஜையில் அலாரம் அடிப்பது அதுதான். மெயிலில் அறிவிப்பு வந்தது: 'முக்கியம். இந்தப் பதிப்பை நிறுவியதும் அலாரம் ஒலி நின்றுவிடும். ஒவ்வொரு கணினியிலும் கையால் மீண்டும் இயக்கவும்.' மூன்று முறை படித்தேன்.

இயக்க ஒரு நிமிடம் போதும். ஒரு வரி அனுப்பவும் ஒரு நிமிடம்தான். இரண்டையும் செய்யவில்லை. நாள் முழுக்க அடிக்கிற அலாரம் அடிக்காமல் போனால் யாருக்கும் உறைக்கும், என்னைக் கூப்பிடுவார்கள், நான் ஓடிப்போய்ச் சரிசெய்வேன் என்று கணக்குப் போட்டேன். அவ்வளவுதான் என் ஆசை. மறுநாள் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போனேன்.

நேற்று, புதன்கிழமை மதியம்தான் கூப்பிட்டார்கள். "அலாரம் அடிக்கவே இல்ல சார், சீக்கிரம் வாங்களேன்" என்று ஒரு நர்ஸ் அழுதார். நான்காம் படுக்கைப் பெரியவர் இறந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. அவர் மகள் டீ வாங்கக் கீழே போயிருந்தாராம். போனை நான் உடனே எடுக்கவில்லை. நாலைந்து முறை அடிக்க விட்டேன். காத்துக் கிடந்தது போலத் தெரியக்கூடாதல்லவா? பெரியவருக்காக வருத்தம்தான். ஆனால் எட்டுப் பேர் என்னைச் சுற்றி நின்று நான் சொன்னதைக் கேட்டார்கள். பொய் சொல்லமாட்டேன், சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் மேலாளர் என் மெயிலைத் திறந்து பார்த்துவிட்டார். அதனால்தான் உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறேன். இதில் கொலை என்ற சொல் எங்கே வருகிறது என்றுதான் புரியவில்லை. யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

என் போனை மட்டும் அணைத்துவிடாதீர்கள் சார். ஒரு வார்டில்தான் அந்தப் பதிப்பை நிறுவினேன் என்று மேலாளர் நினைத்துக்கொண்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமையே மூன்றாம் மாடியிலும் நிறுவிவிட்டேன். அங்கே பதினாறு படுக்கை. அந்தத் தலைமை நர்ஸ் இன்னும் கூப்பிடவில்லை.