சால்வைக்காரரின் தொண்ணூற்றேழு சதவீதம்

— டேய், திரும்பச் சொல்லு. யார் எதை எழுதிப் போட்டாலும் ஒரே பதிலா?

— ஒரே பதில்தான்க்கா. "உங்கள் நடை தொண்ணூற்றேழு சதவீதம் இவருடைய நடை"ன்னு அந்தச் சால்வை போட்ட பெரிய எழுத்தாளர் படம் வரும். சும்மா சோதிச்சுப் பாக்க நான்தான் வச்சேன். சத்தியமா எடுக்க மறந்துட்டேன்.

— அடப்பாவி! எந்த எழுத்தாளர் மாதிரி எழுதுறீங்கன்னு சொல்றோம்னுதானேடா நாம வெப்சைட்டே ஆரம்பிச்சோம்!

— கத்தாதக்கா. மாமா காதுல விழுந்துடப் போகுது.

— விழாது. என் வீட்டுக்காரர் உள்ள கதவைச் சாத்திக்கிட்டு நாவலோட ஏழாவது அத்தியாயம் எழுதிட்டிருக்காரு. ஐயோ! நேத்து ஒரு போலீஸ்காரர் நன்றி சொல்லி எழுதியிருந்தாரே, அவரு?

— அவர் போட்டது காணாமப்போன சைக்கிளைப் பத்தின ரிப்போர்ட்.

— அந்த டீச்சர்? "இப்படிப்பட்ட எழுத்தாளரையா வீட்டைக் காலி பண்ணச் சொல்றீங்க"ன்னு படத்தைக் காட்டினதும் வீட்டு ஓனரே அசந்துபோய் விட்டுட்டாராமே!

— அதுவும் நம்ம சால்வைக்காரர்தான்.

— சிரிப்பு மூட்டாதடா, அழுகை வர்ற நேரத்துல.

— நல்லவேளை, இன்னிக்குக் கண்ணுல பட்டுச்சு. ஒரே ஒரு வரிக்கா. அதை எடுத்துட்டா நிஜமாவே படிச்சு ஒப்பிட்டுச் சொல்லும். இந்தா, எடுத்துடுறேன்.

— கையை எடுடா கீபோர்டுல இருந்து!

— ஏன்க்கா?

— உன் மாமா ஏழாவது அத்தியாயத்தை முடிச்சதும் வந்து இதுல போடுவாரே, அப்ப என்ன வரும்?

— யாருக்குத் தெரியும்? பன்னிரண்டு சதவீதம் வரலாம். "எவருடனும் ஒத்துப்போகவில்லை"ன்னும் வரலாம்.

— தொலைஞ்சேன். டேய், லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்துல கால் உடைஞ்சு வீட்டோட கிடந்தாரே, அப்ப அவர் எப்படி இருந்தாருன்னு உனக்குத் தெரியுமா? போட்டா சாப்பிடுவாரு, போடலன்னா கேக்க மாட்டாரு. நாள் பூரா சுவத்தையே பாத்துக்கிட்டிருப்பாரு. என்ன பேசினாலும் "ம்". அந்த "ம்"மைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். இந்தச் சால்வைக்காரர் வந்த அன்னிக்குத்தான் பேனாவை எடுத்தாரு. இப்ப குளிக்கும்போது பாடுறாருடா!

— அது எனக்கும் கேக்குது. பக்கத்து வீட்டுக்கும் கேக்குது.

— கேக்கட்டுமே! நேத்து எட்டு பேர் லிஃப்ட்டுல மாட்டிக்கிற கட்டத்தைப் படிச்சுக் காட்டினாரு. அதுல அந்தக் குண்டு மனுஷன், "நான் வேணா மூச்சை அடக்கிக்கிறேன், கொஞ்சம் எடை குறையும்"ங்கிறான் பாரு, சிரிச்சுச் சிரிச்சு எனக்குப் புரையேறிடுச்சு.

— அப்ப மாமா நல்லாத்தானே எழுதுறாரு?

— நல்லா எழுதுறாரா இல்லையான்னு எனக்கென்னடா தெரியும்? என் புருஷன் எனக்குத் திரும்பக் கிடைச்சுட்டாரு. மறுபடியும் அந்தச் சுவத்துப் பக்கம் அவரை அனுப்ப என்னால முடியாது. கேளு, மத்தவங்களுக்கெல்லாம் சரி பண்ணிடு. அவருக்கு மட்டும் பழையபடியே வர்ற மாதிரி வைக்க முடியுமா?

— வைக்கலாம். என்னிக்காவது தெரிஞ்சா? அப்ப நம்ம ரெண்டு பேர் மூஞ்சியிலயும் அவர் முழிப்பாராக்கா?

— தெரிஞ்சா பாத்துக்கலாம். வையேன்டா, உனக்குப் புண்ணியமாப் போகும்!

— உஷ்! தடி ஊனுற சத்தம் கேக்குது. வர்றாரு.

— என்ன, அக்காவும் தம்பியும் குசுகுசுன்னு? ஏம்மா, கண்ணு ஏன் கலங்கியிருக்கு?

— ஒண்ணுமில்லைங்க. வெங்காயம்...

— கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து வெங்காயமா? கதை எழுதுறது நானா, நீயா? மச்சான், நீ சொல்லு.

— மாமா... வந்து... கோவிச்சுக்காதீங்க. அந்தச் சால்வைக்காரர் எல்லாருக்குமே வர்றாரு மாமா. என் தப்புதான். உங்க எழுத்தை அது படிக்கவே இல்ல.

— சொல்லிட்டியேடா, படுபாவி!

— அடடா, இதுக்கா ரெண்டு பேரும் இப்படித் திருதிருன்னு முழிக்கிறீங்க? எனக்கு அது முதல் நாளே தெரியுமே!

— என்னங்க சொல்றீங்க?

— ரிப்பேர் பண்ணின லிஃப்ட்டுல உடனே ஆளை ஏத்திடுவோமா? முதல்ல காலியா ஒரு தடவை விட்டுப் பாப்போம். கைப்பழக்கம்மா, போகுமா? உங்க வெப்சைட்லயும் ஒரு எழுத்துகூட அடிக்காம வெறுமனே பட்டனை அமுக்கினேன். தொண்ணூத்தேழு சதவீதம்னு சால்வையோட வந்து நின்னாரு மனுஷன்!

— அப்புறம் எதுக்குங்க ஒவ்வொரு அத்தியாயத்தையும் கொண்டாந்து இதுல போட்டீங்க?

— படம் வந்ததும் நீ பக்கத்துல நின்னு கைதட்டுவியே, அதுக்குத்தான்.

— பொய்னு தெரிஞ்சுமா மாமா ஏழு அத்தியாயம் எழுதினீங்க?

— பின்ன? ஒண்ணுமே எழுதாம உக்காந்திருந்தவனுக்கே அவ்வளவு பெரிய மரியாதை பண்ணிட்டாரு அந்தச் சால்வைக்காரர், மச்சான். பதிலுக்கு நாலு வரியாவது எழுத வேண்டாமா?