பச்சைத் தேயிலைச் சாறு

புரியாத சொல்லுக்கு எவரும் அஞ்சக் கூடாது என்பது என் கொள்கை, ஐயா. தோட்டந்தோறும் மேடையேறி, தாயத்துக்கும் மந்திரத்துக்கும் எதிராக முழங்கி வந்தவன் நான். உடல் மெலியும் மாத்திரை விற்கும் நிறுவனமொன்று, டப்பாவிலுள்ள சொற்களைத் தொழிலாளர்க்கு விளக்க அழைத்தபோது, அதையும் அறிவுப்பணியாகவே கருதினேன். விற்பனையில் எனக்குப் பங்கு உண்டென்பதை மேடையில் சொல்லவில்லை, எவரும் கேட்கவுமில்லை.

குன்னூர்ச் சரிவிலுள்ள தோட்டத்தில் பேசினேன். ‘மெட்டபாலிசம்’ என்றால், உண்டதை உடல் எரித்து ஆற்றலாக்கும் வேலை. ‘டீடாக்ஸ்’ என்றால் நஞ்சு நீக்கம். எந்த நஞ்சு என்று டப்பா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ‘நேச்சுரல்’ என்றால் தீங்கற்றது என்றேன். இயற்கையானது என்பது மட்டுமே அதன் பொருள், எருக்கம்பாலும் இயற்கையானதுதான். ‘கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட்’ என்பதை, நீங்கள் பறிக்கும் அதே கொழுந்து என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பல கோப்பைகளின் செறிவை ஒரே மாத்திரையில் அடைத்த சாறு அது என்பதை விட்டுவிட்டேன்.

கூட்டம் கலைந்ததும் வேலாயி வந்தாள். கொழுந்து பறிப்பவள். முழங்கால் வலியால் சரிவேற முடியவில்லை. எடை குறையாவிட்டால் வேலை போகும், வேலையோடு தோட்டம் தந்த லைன் வீடும் போகும்.

“ஏனுங்க, போன வருசந்தான் எனக்கு மஞ்சக்காமாலை வந்து போச்சுங்க. இதைத் திங்கலாமுங்களா?”

கல்லீரல் நோய் கண்டவர்கள் உண்ணக் கூடாதென்று டப்பாவின் அடியில் பொடியெழுத்தில் இருந்தது. வாசித்திருந்தேன்.

“தெனமும் டீத்தண்ணி குடிக்கறீங்கல்லம்மா? அது என்ன பண்ணிப்போடுச்சு?” என்றேன்.

அவள் சிரித்தாள். “அதுவுஞ் சரிதானுங்க. நாங்க பறிக்கற எலை எங்களையே கடிக்குமாக்கும்?”

சில வாரங்களில் அவள் கண்கள் மஞ்சளித்தன. தொலைபேசியில் என்னைக் கேட்டாள். நஞ்சு வெளியேறும் அறிகுறி, நிறுத்த வேண்டாம் என்றேன். நம்பி விழுங்கினாள். பக்கத்து லைன் இருளப்பன் கொடுத்த கீழாநெல்லியையும் அரைத்துக் குடித்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது அவளுக்கு நினைவில்லை. உயிரோடு திரும்பவில்லை.

இரங்கல் கூட்டத்தில் நானே பேசினேன். பச்சிலை வைத்தியம் ஒரு தாயைப் பலிகொண்டது என்றேன். கூட்டம் கலைந்த கையோடு இருளப்பன் வீட்டை அடித்து நொறுக்கினார்கள். இரத்தம் வழிய அவர் மலையிறங்கிப் போனார்.

குற்றவுணர்வு என்னைத் தின்கிறது, ஐயா. வேலாயியைக் கொன்றவன் நானே. இருளப்பனை விரட்டியவனும் நானே. இதை என் வாக்குமூலமாக அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த இரங்கல் உரையில் மூடநம்பிக்கையைப் பற்றி நான் சொன்ன ஒரு வாக்கியம்கூடப் பிழையில்லை என்பதையும் கூடவே எழுதுங்கள்.