குளிப்பாட்டிய ஏரோப்ளேன்கள்

எண்பதுகளின் தொடக்கம், சாரல் நாள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் லாட்ஜ் வேலைக்குப் போகிற இருவர் இருந்தார்கள். சீசன் கூட்டத்தில் தூக்கம் கெட்ட முகங்கள். மூத்தவர் சொன்னார்:

“நேத்து எம் பொண்டாட்டி ஏரோப்ளேனை எல்லாம் குளிப்பாட்டிட்டா.”

“எந்த ஏரோப்ளேன், அண்ணாச்சி?”

“சின்ன வயசுல மாமா சிங்கப்பூர்ல இருந்து பொம்மை ப்ளேன் பெட்டி பெட்டியா கொண்டு வருவாரு. உள்ள பிளாஸ்டிக் துண்டா இருக்கும், நாமதான் ஒட்டணும். முதல் உலக யுத்தத்துச் சண்டை ப்ளேன், ரெண்டடுக்கு றெக்கை. பீரோ மேல வச்சிருந்தேன். தூசியா இருக்கேன்னு வெந்நீர்ல முக்கிட்டா. றெக்கையெல்லாம் கழண்டு போச்சு.”

“ஏசுனியளா?”

“ஏசத்தான் வாயத் தொறந்தேன். அவ அழுதுக்கிட்டே ஒவ்வொண்ணா ஒட்டுதா. அதுவும் தலைகீழா.”

“பெறவு?”

மேலகரத்தில் பஸ் நின்று கிளம்பியது. அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

“அப்பமெல்லாம் ஸ்கூல் விட்டு வந்து ஒட்ட உக்காந்தா கை அசையாது. இப்பம் நடுங்குதுடே. அதனால எது எங்கனன்னு நான் சொன்னேன், அவ ஒட்டுனா. ஒரு ப்ளேன்தான் முடிஞ்சுது. மீதிய இன்னைக்கு ஒட்டலாம்னு சொல்லுதா. ஒடம்பெல்லாம் அசதி. ஆனாலும் இன்னைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போணும்.”