மாற்றாள்

ஏசி நின்றுபோனால்கூடப் பொறுத்துக்கொள்வேன், கேப்டன். தலையணையில் அடுத்தவன் தலை எண்ணெய் வாசம் அடித்தால் எனக்குத் தூக்கம் வராது. ஏழு வருஷமாக நானும் டோருவும் ஒரே அறையில், ஒரே கட்டிலில் படுத்தோம். ஆனால் ஒரு ராத்திரிகூட இரண்டு பேரும் சேர்ந்து அங்கே இருந்ததில்லை. நான் ஒரு மாதம், அவன் ஒரு மாதம். அவன் வந்து இறங்கும் விமானத்திலேயே நான் ஏறிப் போய்விடுவேன். இந்த எண்ணெய் முகாம்களுக்கு ஒப்பந்தத்தில் வருகிற எங்களைப் போன்றவர்களுக்கு இதுதான் ஏற்பாடு. ஒரு வேலைக்கு இரண்டு ஆள். ஒருவனுக்கு மற்றவன் மாற்றாள்.

நான் லெபனான்காரன், அவன் ருமேனியாக்காரன். கிணற்றிலிருந்து விஷவாயு கசிந்தால் ஆட்களைக் காப்பாற்றுவது எங்கள் வேலை. அந்த வாயு முதல் மூச்சில் அழுகிய முட்டை மாதிரி நாறும். அடுத்த மூச்சில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே ஆள் சாய்ந்துவிடுவான். அதனால் சட்டையில் ஒரு சின்னக் கருவி மாட்டியிருப்போம். வாயு வந்தால் அது கத்தும். எங்கள் இருவருக்கும் ஒரே கருவிதான். விமானத்தடத்தில் நான் கழற்றி அவன் சட்டையில் மாட்டுவேன். அடுத்த மாதம் அவன் எனக்கு மாட்டுவான். மாற்றாள் மாட்டிவிட்டதைச் சோதித்துப் பார்க்கிற வழக்கம் எங்களுக்குள் கிடையாது. பார்த்தால், உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. சட்டப் புத்தகத்தில் வேறு விதமாக எழுதியிருக்கும். அதை எழுதியவன் பாலைவனத்தில் வேலை பார்த்தவன் இல்லை.

சைதா நகரத்தில் எனக்கு வீடு இருக்கிறது. கதவைத் திறந்ததும் என் மனைவி சுஆத் கேட்பாள், "வந்துட்டீங்களா? எப்பத் திரும்பிப் போறீங்க?" கோபமாகக் கேட்கமாட்டாள், அதுதான் வலிக்கும். என் நாற்காலியில் மடித்து அடுக்கியிருக்கும் துணியை எடுத்துவிட்டு, வைக்க இடம் தெரியாமல் நிற்பாள். மகன் என்னிடம் உப்பு கேட்பதற்கே தொண்டையைச் செருமிக்கொள்வான். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். விருந்தும் மருந்தும் மூன்று நாள். நான் ஒவ்வொரு தடவையும் ஒரு மாதம் இருந்தேன்.

இந்த வருஷம் கம்பெனி ஆள் குறைத்தது. இனி மாற்றாள் கிடையாது, ஒருவன் மட்டும் நிரந்தரமாக முகாமில் இருப்பான் என்றார்கள். டோருவைத் தேர்ந்தெடுத்தார்கள். என் கடைசி மாதத்துக்காக நான் வந்து இறங்கியபோது அவனே சொன்னான்.

"மனசுல வச்சுக்காதண்ணே. எனக்கு யாரு இருக்கா? உனக்குப் பொண்டாட்டி, புள்ள இருக்காங்க. வீட்டோட உக்காந்து சூடா சாப்பிடு. இந்த மண்ணுப் புழுதிய நான் தின்னுக்கறேன்."

"பரவால்லடா," என்றேன். "கட்டில்ல ஒரு கால் ஆடுது, சரி பண்ணிக்க."

நல்லெண்ணத்தில்தான் சொன்னான். ஒருவனுடைய நல்லெண்ணம் இப்படி வயிறு எரியவைக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மணல் புயல் வந்தால் கருவியின் துளைகளில் தூசி அடைக்காமல் இருக்கக் கண்ணாடி டேப் ஒட்டுவோம். செய்யக் கூடாது, ஆனால் எல்லாரும் செய்வார்கள். புயல் போனதும் உரித்துவிட வேண்டும். டேப் இருந்தால் விளக்கு எரியும், கருவி கத்தாது. அந்த மாதம் ஒரு புயல் அடித்தது. மாதம் முடிந்து டோரு வந்தான். கருவியை அவன் சட்டையில் மாட்டிவிட்டேன்.

"விசேஷம் ஏதும் உண்டாண்ணே?"

"ஒண்ணும் இல்ல. மூணாம் கிணத்துக் குழியில மண்ணு சேந்து கெடக்கு. காலைல ஒருதடவ இறங்கிப் பாத்துடு."

கட்டிப்பிடித்தான். ஏறிவிட்டேன்.

மறுநாள் காலையில் இறங்கிய டோரு குழியிலேயே விழுந்துவிட்டான். மேலே நின்ற லக்தர் இந்த ஊர் ஃபிட்டர். அவன் சட்டையிலிருந்த கருவி கத்தியது. "கண்ணு முன்னால கெடக்கான், எப்படிய்யா நிக்கறது?" என்று சொல்லிவிட்டு அவனும் இறங்கினானாம். இரண்டு பேரையும் பிணமாகத்தான் மேலே தூக்கினார்கள். விழுந்தவனைத் தூக்க முகமூடி இல்லாமல் வெறும் மூச்சோடு இறங்காதே என்று மாதாமாதம் கூட்டம் போட்டுச் சொன்னவன் நான். லக்தர் சாவை என் தலையில் கட்டாதீர்கள்.

கம்பெனி என்னைத்தான் திரும்பக் கூப்பிட்டது. சுஆத் பெட்டியை அவளே அடுக்கித் தந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன். முகாமில் நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்புறம் விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். டேப்பைப் பார்த்தார்கள். புயலுக்கு ஒட்டியதை உரிக்க மறந்துவிட்டேன் என்று முடிவு கட்டினார்கள். மேலாளர் முதுகைத் தட்டி, "மனுஷனுக்கு மறதி சகஜம், வஜீஹ். மனச விட்டுடாதே" என்றார். இப்போது சமையல்காரன்கூட என்னைப் பாவமாகப் பார்க்கிறான். வேலைக்கு இறங்குகிறவர்களுக்கு நான் கருவியை மாட்டிவிட்டால், வெல்டர் பயல்கள் என் எதிரிலேயே அதைக் கழற்றிச் சோதிக்கிறார்கள்.

அதனால்தான் நானே ஜீப் ஏறி உங்கள் போலீஸ் நிலையத்துக்கு வந்தேன். இந்த வேலைக்கு வந்த இருபத்திரண்டு வருஷத்தில் நான் எதையும் மறந்தவன் இல்லை, கேப்டன். புயல் அடங்கிய அன்றே டேப்பை உரித்துவிட்டேன். டோரு வந்து இறங்கிய நாள் காலையில் முகமூடி போட்டுக்கொண்டு குழியில் இறங்கி, வால்வை வாயு கசிய வேண்டிய அளவு மட்டும் தளர்த்தினேன். மேலே வந்து கை கழுவி, புது டேப் வெட்டி, ஓரம் தூக்காமல் நகத்தால் தேய்த்து ஒட்டினேன். கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கவனக்குறைவு என்று மட்டும் எழுதாதீர்கள்.