நூறும் எழுபத்தொன்றும்

ஆகஸ்ட் 6, வியாழன், காலை 8.12, மெல்லிய தூறல். ஆவடியில் மின்சார ரயில் ஏறினேன். எதிர் இருக்கையில் மடிக்கணினியுடன் ஓர் இளம்பெண்ணும் அவளோடு படிக்கும் பையனும்.

"மழை வருமான்னு சொல்ற நம்ம கம்ப்யூட்டர் மாடலு டெஸ்ட்டுல நூத்துக்கு நூறு," என்றான் அவன்.

"அப்ப நாம செத்தோம்," என்றாள் அவள். "மழைய எவனால அப்டி கரெக்டா சொல்ல முடியும்? செட்டிங்ஸ்ல எந்த ஃபைலுடா குடுத்த?" அவளே திறந்து பார்த்தாள். "எருமை, கேள்வியோட விடையையும் சேத்து அனுப்பிகீற. அது பாத்து எழுதிகீது."

அவன் முகம் தொங்கிப் போனது. "பத்து மணிக்கு மேடம் பாப்பாங்க. இப்ப அவங்க வச்சிகீற பழைய மாடலு அறுபத்தெட்டு. அதத் தாண்டலன்னா நம்மளுத தூக்கிடுவாங்க."

அவள் விடை இருந்த ஃபைலை நீக்கிவிட்டுச் சோதனையை மறுபடி ஓட்டினாள். அது தானாகவே ஐந்து சுற்று ஓடுமாம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பச்சைக் கோடு வந்தது, நானும் எண்ணினேன். ஐந்தாவது வந்ததும் இருவரும் திரையில் மூக்கை வைத்தார்கள்.

"எழுபத்தொண்ணு," என்றாள் அவள் மெதுவாக.

"நூற விட இது இன்னா அழகா கீது பாரு," என்று அவன் சுற்றியிருந்த எல்லோருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தான். எனக்கு இரண்டு.

அப்போதுதான் வெளியே பார்த்தேன். அம்பத்தூரில் இறங்க வேண்டியவன் வில்லிவாக்கத்தில் இருந்தேன். திரும்பி வர டிக்கெட் ஐந்து ரூபாய்.