தண்ணிக் கொழா ஒடஞ்ச பொறந்த நாள்

வேணாம் கண்ணு, அந்தத் தாளக் கிழிச்சுடாதீங்க. மொதல்ல உக்காருங்க. பார்க்கு ரேஞ்சர்னா நின்னுக்கிட்டேதான் பேசணும்னு சட்டமா என்ன? அந்த மடக்கு நாற்காலிய இழுத்துப் போட்டுக்குங்க. கேக்கு ஒரு துண்டு எடுத்துக்கறீங்களா? எங்களுக்கு வீடே இந்த வண்டிதான், அதுல இருக்கற அடுப்பு ஒரு பக்கம்தான் காயும். மூணு தடவ தட்டத் திருப்பி வச்சேன், அப்பயும் இந்த ஓரம் கரிஞ்சுபோச்சு. நீங்க இந்தப் பக்கமா எடுங்க.

ஒங்களுக்கு நல்ல மனசு. தெரியுது. பொறந்த நாளும் அதுவுமா ஒரு வயசான மனுஷன் பேர்ல எதுக்கு ரிப்போர்ட்டு, கொழா பழசு, துருப்புடிச்சு ஒடஞ்சுதுன்னு போட்டுடலாம்னு பாக்கறீங்க. வேற எவளா இருந்தாலும் ஒங்க கையப் புடிச்சுக்கிட்டு அழுதிருப்பா. நான் கேக்கறது வேற. எழுதுங்க. என் வீட்டுக்காரரு பேரு போட்டே எழுதுங்க. வெண்டல் ஸ்ட்ராட். வயசு எம்பது, இன்னிக்கோட.

கொஞ்சம் மெதுவாப் பேசுவோமா. அந்த நெழலுக்கடியில ரேடியோல பேஸ்பால் கேட்டுக்கிட்டு இருக்காரு பாருங்க. தூங்கல. அவரு டீம் தோத்துக்கிட்டு இருந்தா கண்ண மூடிக்குவாரு, அவ்ளோதான்.

காலைல எவ்ளோ சந்தோஷம் தெரியுமா. இன்னிக்கு எங்கயும் போறதில்ல, ஒண்ணும் செய்யறதில்ல, அதான் எனக்குப் பரிசுன்னுட்டாரு. ஆறு பான்கேக் சாப்ட்டாரு. பக்கத்து வண்டிப் புள்ளைங்க வந்து பாட்டுப் பாடுச்சுங்க. ஏரியில கூழக்கடா வந்து எறங்குச்சு. எத்தனைன்னு கேட்டாரு. ஏழுன்னேன். ஏழு, நல்ல எண்ணிக்கைன்னு தலைய ஆட்டிக்கிட்டாரு.

அப்பறம்தான் வண்டி நிறுத்தற அந்தப் பதினாலாம் நம்பர் எடம் காலியாச்சு. தண்ணிக்குப் பக்கத்துல இருக்கறது. அஞ்சு நாளா அது மேலயே இவருக்குக் கண்ணு. ஆர்லீன், எனக்குப் பொறந்த நாளு, வண்டிய அங்க மாத்திடலாமான்னாரு. அறுபதடி தூரம். சரின்னேன்.

நீங்க பாத்திருப்பீங்க, இந்த மாதிரி வண்டியில ஊரு ஊராப் போற ஜனத்துக்கு வேற சினிமா எதுக்கு? எவனாவது வண்டிய ரிவர்ஸ் எடுத்தா போதும், நாற்காலியத் திருப்பிப் போட்டுக்கிட்டு உக்காந்துடுவாங்க. வண்டியப் பாக்க இல்ல, புருஷன் பொண்டாட்டி கத்திக்கறதக் கேக்க. நாங்க கத்தினதே இல்ல. நான் பின்னால நிப்பேன், கையில வாக்கி டாக்கி. வா, வலது, எடது, நில்லு. நாலே வார்த்த. பதினோரு வருஷமா முப்பத்திரண்டு அடி வண்டிய அப்படித்தான் கொண்டுபோய் நிறுத்தறோம். ஒரு கீறல் கெடையாது. போய்த் தடவிப் பாருங்க.

இன்னிக்குத்தான். வண்டி பின்னால போய்க் கொழாயில இடிச்சு, தண்ணி பனமரம் ஒசரத்துக்குப் பீச்சி அடிச்சுது. புள்ளைங்கல்லாம் உள்ள ஓடி நனைஞ்சுதுங்க. எல்லாரும் கை தட்டினாங்க. இவரு எறங்கி வந்து, எம்பது வயசுக்கு மெழுகுவத்தி ஊதினாப் பத்தாது, இப்படித்தான் கொண்டாடணும்னு அவரும் சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே என் தோளத் தேடினாரு. தேடினாருன்னுதான் சொல்றேன், கண்ணு. ரெண்டு தடவ காத்துல கை போச்சு.

ஆமா. ஓரத்துல கொஞ்சம் தெரியும், நடுவுல ஒண்ணுமே தெரியாது. போன வருஷத்துலேர்ந்து. டாக்டர்கிட்ட போக மாட்டேங்கறாரு. லைசென்ஸு இன்னும் மூணு வருஷத்துக்கு இருக்கு, யாரு கேக்கப் போறாங்க?

நான்தான் அவருக்குக் கண்ணு. பக்கத்துல உக்காந்து சொல்லிக்கிட்டே வருவேன். லாரி வருது. செவப்பு வெளக்கு. வலது கொஞ்சம். வேடிக்க பாக்கற மாதிரிதான் சொல்லணும். வழி சொல்ற மாதிரி சொன்னா அவருக்குக் கோவம் வரும். அங்க பாரேன் ஒரு செவப்பு வெளக்கு, அப்டின்னு.

ஏப்ரல்ல, கான்சாஸ்ல, ஒரு பொண்ணு சைக்கிள்ல போய்க்கிட்டு இருந்துச்சு. மஞ்ச சட்ட. நான் கத்திட்டேன். எங்க, எங்கன்னு கேக்கறாரு. கேக்கறதுக்குள்ள தாண்டிட்டோம். நான் கண்ணாடியில பாத்தேன், அந்தப் பொண்ணு பள்ளத்துல கால ஊனிக்கிட்டு நிக்குது, ஒண்ணும் ஆகல. எதுக்குக் கத்தின, ஆர்லீன்? குருவின்னு சொன்னேன்.

சொல்லாம இருப்பேனா? அன்னிக்கு ராத்திரியே சொன்னேன். போதுங்க, நிறுத்திடலாம்னேன். எங்க நிறுத்தறதுன்னு கேட்டாரு. வீட்ட வித்தாச்சு. எனக்கு இத ஓட்டத் தெரியாது, தெரிஞ்சாலும் இந்த மணிக்கட்ட வச்சுக்கிட்டு முடியாது. நிறுத்தற எடத்துல நான் செத்துப் போவேன், நீயும் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பன்னாரு. கோவமா இல்ல. சாதாரணமாத்தான் சொன்னாரு. பல்லு வெளக்கப் போய்ட்டாரு.

எங்க பொண்ணு ஓஹையோல இருக்கா. சாவிய எடுத்து ஒளிச்சு வைம்மாங்கறா. அம்பத்திநாலு வருஷமா ஒரு மனுஷன் கூட இருந்தவ அவரு சாவிய எங்க ஒளிப்பா?

அதுக்குத்தான் ஒங்ககிட்ட கேக்கறேன். நீங்க எழுதினா மேல போகும். கண்ணப் பரிசோதிக்க வான்னு ஒரு கடுதாசி வரும். அவரும் அரசாங்கத்தத் திட்டிக்கிட்டு இருப்பாரு. அவருக்கு அது ரொம்பப் புடிச்ச வேல, சாகற வரைக்கும் திட்டலாம். என்னத் திட்ட வேண்டியிருக்காது. அதுக்கப்பறம் எங்க இருப்போம், எப்படி இருப்போம், எனக்குத் தெரியல.

என்னது? நான் கொழாயக் கவனிக்காம விட்டுட்டதா போட்டா அவருக்கு ஒண்ணும் வராதா? புரியுது. நல்லதுக்குத்தான் சொல்றீங்க.

கவனிச்சேன், கண்ணு. என் இடுப்பு ஒசரம் கம்பம் அது, நான் அதுக்குப் பக்கத்துலதான் நின்னேன். வண்டி பத்தடியில இருந்துச்சு, அப்பறம் அஞ்சடி, அப்பறம் ஒரு சாண். ஒவ்வொரு தடவையும் வாக்கி டாக்கில வா வான்னுதான் சொன்னேன். இன்னும் எடம் இருக்குதாம்மான்னு கேட்டாரு. நெறய இருக்குன்னேன்.

வந்தாரு.