கீழ் டாய்லெட்

மலேசியாவில், பாடாங் மேஹா வழியாகக் கூலிம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவள் சொன்ன ஒரு வார்த்தையில் என் தூக்கம் போனது.

“ஞாயித்துக்கிழமை விருந்தாளிங்க போற வரைக்கும் மேல் வீட்டுல யாரும் ஃப்ளஷ் பண்ணக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

“ஏன்க்கா?”

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணு பாக்க வர்றாங்க லா. மேல தண்ணி விட்டா கீழ் டாய்லெட்ல பொங்குது.”

“கீழ ஸ்டோர்தானே இருந்துச்சு?”

“விருந்தாளிங்களுக்குன்னு மேல இன்னொரு டாய்லெட் கட்டலாம்னா, சாமி ரூம் பக்கத்துல ஆகாதுன்னு வாஸ்துக்காரரு சொல்லிட்டாரு. அதனால எங்க வீட்டுக்காரரு கீழ ஸ்டோருக்குள்ள ஒண்ணு கட்டி, மேல் வீட்டுப் பைப்போட சேத்துட்டாரு. ரோட்டுக் கழிவுப் பைப்பு ஸ்டோரைவிட உசரத்துல இருக்கு, கழிவை மேல தள்ள பம்ப் வைக்கணும்னு பைப்புக்காரரு அப்பவே சொன்னாரு.”

“வைக்கலையா?”

“சரிவுல இருக்கிற வீடு, தண்ணி தானா ஓடிடும்னாரு இவரு. வாஸ்துக்காரரும் திசைகாட்டி வச்சுப் பாத்து, அருமையான இடம்னுட்டாரு.”

“பொங்குனப்புறம் பைப்புக்காரரைக் கூப்பிட்டீங்களா?”

“வாஸ்துக்காரரைத்தான் கூப்பிட்டாரு. டாய்லெட் வாசல்ல எலுமிச்சம்பழம் கட்டிட்டுப் போனாரு.”

இளையவள் சிரிப்பை அடக்கச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அந்த நாத்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டுல என்னக்கா சொல்வாங்க?”

“ஒண்ணும் சொல்ல மாட்டாங்க லா. டாய்லெட் எந்தத் திசையில இருக்குன்னு கேட்டுட்டுத்தான் பொண்ணு பாக்கவே ஒத்துக்கிட்டாங்க.”